இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாடி பாவாடையும் பருத்திச் சட்டையும்: வீட்டிலேயே தைக்க முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் ஆச்சியிடம் ஒரு புது உடுப்பைக் கொண்டுபோய்க் காட்டினால் நிறத்தைப் பார்க்க மாட்டாள், பூவேலையைப் பார்க்க மாட்டாள். முதலில் அதைத் திருப்பிப் போட்டு உட்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். "பிள்ளை மேல படுதது இந்தப் பக்கம்லா, ட்டீ?" என்பாள்.

அது எனக்கு உறைத்தது என் மகளுக்கு ஒன்றரை வயதானபோதுதான். ஆனித் தேரோட்டத்துக்கு என்று வலைத்துணி வைத்த கவுன் ஒன்று கடையில் வாங்கியிருந்தோம். நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். ரத வீதியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தால், இடுப்பைச் சுற்றி வரிவரியாகத் தடித்துச் சிவந்திருந்தது. வலையை வெட்டிய ஓரம் உள்ளே மூடாமல் கிடந்து குத்தியிருக்கிறது. வெளியே பார்க்க அவ்வளவு அழகான கவுன் அது. பையில் இருந்த பழைய பனியனை மாட்டித் தேர் பார்த்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அவளுக்கு நானே தைக்கிறேன். இங்கே நான் சொல்லப் போவது ஒரு பாவாடை சட்டையை, துணி வாங்குவதில் தொடங்கிக் கடைசிப் பட்டன் வரை. மிஷினில் நேராக ஒரு தையல் ஓட்டத் தெரிந்தால் போதும்.

ஏன் பாடி வைத்த பாவாடை

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. வயிறு உருண்டு முன்னே நிற்கும். நாடா கட்டிய பாவாடை இறங்கும். இறங்குகிறதே என்று இறுக்கிக் கட்டினால் தடம் பதியும், சாப்பிட்ட வயிறு வலிக்கும். அதனால் மேலே கையில்லாத பாடி ஒன்று தைத்து, அதில் பாவாடையைச் சேர்த்துவிட வேண்டும். பாரம் முழுவதும் தோளில் நிற்கும். அதன் மேல் சட்டை.

துணி

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு வேர்க்குரு வருவதே வேர்வை வெளியேற வழியில்லாமல் அடைபடுவதால்தான். மேலே பட்டாக இருந்தாலும் உள்ளே பாலியெஸ்டர் லைனிங் கொடுத்துவிட்டால் பட்டால் ஒரு பயனும் இல்லை.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு நூலை உருவி, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி போல விரலில் தட்டுப்படும்.

வீரவநல்லூரில் இன்றும் தறி ஓடுகிறது. சங்கரன்கோவிலும் புளியங்குடியும் 2019-இல் தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டாலும், எங்களுக்கு அவை நெல்லைச் சீமையின் நெசவு ஊர்கள்தான். கைத்தறி வேண்டுமென்றால் 1935-இலிருந்து நடக்கும் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் சின்னக் கட்டம் போட்ட துணியாக எடுங்கள். கட்டத்தின் கோடே நூலோட்டத்தைக் காட்டும், வெட்டும்போது கை கோணாது. வழுக்கும் துணியில் முதல் பாடம் வேண்டாம்.

44 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலம் 44 அங்குலமாக இருந்தால், ஒன்றே முக்கால் மீட்டர் போதும். பாவாடையும் சட்டையும் அதிலேயே வந்துவிடும். பாடியின் வெளிப்பக்கத்துக்கு மல் என்கிற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி அரை மீட்டர். பாடியின் உட்பக்கத்துக்குக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் தாத்தாவின் பழைய வேட்டி இருக்கும். பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில் சுற்றுவது நம் வீடுகளில் சும்மா வந்த வழக்கமில்லை. பத்து வருடம் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் முரடும் போன துணி அது. அதைவிட மென்மையான ஒன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் கிழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நூல். எங்கள் தாத்தா விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். நூல்கண்டு வாங்கினால் ஒரு முழம் உருவி இரண்டு கையிலும் பிடித்துச் சுண்டுவார். சட்டென்று அறுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பழைய நூல் மிஷினில் பத்து அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்து உங்கள் பொறுமையைச் சோதிக்கும், தைத்த உடுப்பும் துவைக்கத் துவைக்கப் பிரியும். வாங்கும் இடத்திலேயே சுண்டிப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் நனையுங்கள்

இதை விட்டுவிட்டு அழுதவர்கள் நிறையப் பேர். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த அளவு வீண். துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி, பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். கைத்தறித் துணியில் கஞ்சி இருக்கும். அது போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள்.

சாயத்தையும் அப்போதே பாருங்கள். ஈரத்துணியின் மேல் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்று தெரியும். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஒழுகுகிற சாயம் உப்புப் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். இந்த வயதில் பிள்ளைகள் கழுத்தோரத்தையும் கைநுனியையும் வாயில் வைத்துச் சப்பும். நாலு முறை அலசியும் தண்ணீர் தெளியாத துணியை உங்களுக்கு ஒரு பையாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு எடுத்து வைத்தால் வெட்டத் தயார்.

அளவு

இஞ்ச் டேப்பைக் கண்டால் அது விளையாட்டுச் சாமான் என்று பிள்ளை பிடுங்கும். தூங்கும்போது எடுக்கலாம், ஆனால் நீள அளவு சரியாக வராது. நான் செய்வது இது: இப்போது அளவாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அளப்பேன். மார்பையும் தலையையும் மட்டும் பிள்ளை மேலேயே எடுப்பேன்.

தலை அளவை மறக்காதீர்கள். என் முதல் சட்டையில் நான் மறந்தேன். பெரியவர்கள் ரவிக்கைக் கழுத்தைப் போலக் கணக்குப் போட்டு, திறப்பே வைக்காமல் தைத்துவிட்டேன். தலை பாதி நுழைந்து நின்றது. பிள்ளை இருட்டில் மாட்டிக்கொண்டு அலறினாள். கத்தரிக்கோலால் முதுகுப் பக்கம் வெட்டித்தான் எடுத்தேன். பிள்ளைகளுக்கு உடம்புக்குத் தலை பெரிது. இரண்டு வயதில் மார்புச் சுற்றுக்கும் தலைச் சுற்றுக்கும் ஒரு அங்குலம்தான் வித்தியாசம் இருக்கும்.

என் மகளுக்கு இரண்டு வயதில் இருந்த அளவு: மார்பு 20 அங்குலம், தலை 19, தோளுக்குத் தோள் 9, தோளிலிருந்து இடுப்பு 8, இடுப்பிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் 16, மேல்கைச் சுற்று 6. கீழே வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். உங்கள் பிள்ளையின் அளவை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை எட்டு ஒன்பது சென்டிமீட்டர் உயரும். மார்போ ஒரு அங்குலம் ஏறினாலே அதிகம். அதனால் அகலத்தில் தொளதொளவென்று தைத்து, 'அடுத்த வருஷமும் போடலாம்' என்று நினைப்பது தப்புக் கணக்கு. தோள் நழுவும், கை தடுக்கும். அகலத்தை அளவாக வைத்து, நீளத்தை உள்ளே மடித்து ஒளித்து வைக்க வேண்டும்.

வரைவதும் வெட்டுவதும்

முதலில் பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளை மல்லில் ஒட்டும். துணியை மொசைக் தரையில் விரிப்பது நல்லது. பத்தமடைப் பாயில் விரித்தால் கோரையின் வரியில் சாக்பீஸ் தத்தும்.

பாடி: துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு நடுமார்பில் வரும்படி வையுங்கள். மார்பு 20-உடன் மூச்சுவிடவும் குனியவும் 3 கூட்டினால் 23. அதில் கால் பங்கு 5¾. பக்கத் தையலுக்கு 1 அங்குலம் விட்டால் 6¾. நீளம் 8, கீழே தையலுக்கு ½. கழுத்து மடிப்பிலிருந்து 2½ அகலம்; ஆழம் முன்னால் 3, பின்னால் 2½. தோள் மடிப்பிலிருந்து 4 அங்குலத்தில் முடியும். ஆக தோள்பட்டி 1½ அங்குல அகலம் வரும். கைக்குழி ஆழம் 5. பின்பக்கத்தின் தோள்பட்டியை மட்டும் தோள் கோட்டுக்கு மேலே 2½ அங்குலம் நீட்டி வரையுங்கள். காரணத்தைப் பட்டன் வைக்கும்போது சொல்கிறேன். கழுத்து, கைக்குழி, தோள் மூன்றிலும் வரைந்த கோட்டுக்கு வெளியே ¼ அங்குலம் விட்டு வெட்டுங்கள். மல்லில் முன் ஒன்று பின் ஒன்று, வேட்டியில் முன் ஒன்று பின் ஒன்று. மொத்தம் நான்கு.

பாவாடை: ஒரே நீளத் துண்டு. துணியின் நீளவாக்கில் 59 அங்குலம். இடுப்புச் சுற்று 23-க்கு இரண்டரை மடங்கு, சேர்ப்புத் தையலுக்குக் கொஞ்சம். உயரத்தைக் கவனமாகக் கூட்டுங்கள்: தெரியும் நீளம் 16, மேலே தையலுக்கு ½, கீழ்மடிப்புக்கு 2½, இரண்டு டக்குக்கு (பின்னால் பிரித்து நீளம் விடுவதற்காக மடித்துத் தைக்கும் மடிப்பு) 4. மொத்தம் 23 அங்குலம். கரை வைத்த துணியென்றால் கரையே ஓரம், கீழ்மடிப்பு வேண்டாம். டக் மட்டும் போதும்.

சட்டை: மிச்சமுள்ள துணியில். மார்பு 20-உடன் 4 கூட்டி 24, கால் பங்கு 6, பக்கத்துக்கு 1. நீளம் 12, தோளுக்கு ½, கீழ்மடிப்புக்கு 1½. தோள் 4½, தோள் சரிவு ½, கழுத்து அகலம் 2¼, ஆழம் முன் 2¼ பின் ¾, கைக்குழி 5. இவையெல்லாம் முடிந்த அளவு. கழுத்தில் கால் அங்குலமும், தோள் ஓரத்திலும் கைக்குழியிலும் ½ அங்குலமும் வெளியே விட்டு வெட்டுங்கள். பின்பக்கம் மடிப்பில் ஒரே துண்டு. முன்பக்கம் இரண்டு துண்டு. நடுக்கோட்டுக்கு அப்பால் பட்டன் பட்டிக்கு 1¾ அங்குலம் கூடுதலாக விடுங்கள். கை: மடிப்பிலிருந்து அரை அகலம் 5, ஓரத்துக்கு 1, வளைவின் உயரம் 2, மொத்த நீளம் 4, கீழ்மடிப்புக்கு 1, மேல் வளைவுத் தையலுக்கு ½. பஃப் கை வேண்டுமானால் மடிப்புப் பக்கம் 1½ அங்குலம் கூட்டிக்கொண்டால் சுருக்கு வைக்க இடம் கிடைக்கும்.

ஓரமாய் மிஞ்சும் துணியில் நூலோட்டத்துக்குக் கோணலாக, 1¼ அங்குல அகலத்தில் கிராஸ் பீஸ் வெட்டி வையுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வேண்டும். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாது, முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மிஷின்

மல்லுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, பாவாடைத் துணி கொஞ்சம் கனமென்றால் 14. சேலைக்கு ஃபால்ஸ் அடித்துத் தேய்ந்த பழைய ஊசி மல்லில் நூலை இழுத்து ஓட்டை போடும். புது ஊசி மாட்டுங்கள். எண்ணெய் விட்டிருந்தால் கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிக் கறை வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் சரியாக இருக்கும்.

உட்காருவதற்கு முன்னால் குண்டூசியை எண்ணுங்கள். இருபது எடுத்தால், முடிக்கும்போது இருபதும் டப்பாவில் இருக்க வேண்டும். மிஷின் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடுங்கள். இதில் மட்டும் 'பரவாயில்லை' என்று எழுந்துவிடாதீர்கள்.

பாடி தைப்பது

முன்பக்க மல்லையும் முன்பக்க வேட்டித் துணியையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒரு கைக்குழியில் தொடங்கி, தோள்பட்டி ஏறி, கழுத்தைச் சுற்றி, அடுத்த தோள்பட்டி, அடுத்த கைக்குழி என்று ¼ அங்குலத்தில் ஒரே ஓட்டமாகத் தையுங்கள். பக்கமும் கீழ்ப்பக்கமும் திறந்தே இருக்கட்டும். வளைவுகளில் தையலைத் தொடாமல் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன வெட்டு கொடுங்கள். தோள்பட்டியின் மூலையைக் கோணலாக நறுக்கிவிட்டு, அப்புறம் திருப்புங்கள். பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் மூலையைத் தள்ளி, இஸ்திரி போடுங்கள். பிசிறு எல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே போய்விட்டது. பின்பக்கமும் இதே போல.

இப்போது பக்கத் தையல். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைக்குழியில் விரித்துப் பிடித்து, மல்லோடு மல், வேட்டியோடு வேட்டி சேரும்படி, மேலிருந்து கீழ் வரை ஒரே வரியாக 1 அங்குலத்தில் தையுங்கள். அந்த ஒரு அங்குலத்தை வெட்டிவிடாதீர்கள். பிள்ளை பெருத்தால் பிரித்துவிட அதுதான் இருப்பு. விரித்து இஸ்திரி போட்டு மடக்கினால் இரண்டு அடுக்குக்கும் உள்ளே மறைந்துவிடும்.

பாவாடை தைப்பது

இரண்டு முனையையும் சேர்க்கும் தையலில் பிசிறு வெளியே தெரியக் கூடாது. முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க, ¼ அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்குங்கள். திருப்பி, நல்ல பக்கம் உள்ளே வர மடித்து, ஓரம் உள்ளே சிக்கும்படி சற்றுத் தள்ளி இன்னொரு தையல். இரண்டு நிமிடம் கூடுதலாகும். பிள்ளையின் காலில் எப்போதும் உரசுகிற இடம் அது, அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கலாம்.

கீழே முதலில் ½, பிறகு 2 அங்குலம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மிஷினிலும் அடிக்கலாம், ஆனால் கைத்தையல் பின்னால் பிரிக்கச் சுலபம்.

இனி டக். பள்ளிக்கூடப் பாவாடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். முடித்த கீழ் ஓரத்திலிருந்து 4 அங்குலத்தில் ஒரு கோடு, 8 அங்குலத்தில் ஒரு கோடு, சுற்றி வரச் சாக்பீஸால் போடுங்கள். முதல் கோட்டில் துணியை நல்ல பக்கம் வெளியே இருக்க மடித்து, மடிப்பிலிருந்து சரியாக 1 அங்குலம் தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். இரண்டாவது கோட்டிலும் அதே. இரண்டையும் கீழ்நோக்கிப் படிய இஸ்திரி போட்டால், பாவாடையில் இரண்டு வரி போல அழகாகவும் இருக்கும். ஒவ்வொரு டக்கும் 2 அங்குலத்தை ஒளித்து வைத்திருக்கிறது. பாவாடைக்கு வருடத்துக்குச் சுமார் இரண்டு அங்குலம் தேவைப்படும் என்பது என் அனுபவம். அங்குலத்துக்கு ஆறு, ஏழு தையல் வரும்படி பெரிய தையலாகப் போடுங்கள். இந்தத் தையல் ஒரு நாள் பிரிக்கப்படுவதற்காகவே போடுவது.

மேல் ஓரத்தில் சுருக்கு. மிஷினின் மிகப் பெரிய தையலில், ஓரத்திலிருந்து ¼ அங்குலத்தில் ஒன்றும் ¾ அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு வரி ஓட்டி, நுனி நூலை நீளமாக விடுங்கள். ஒரு வரி மட்டும் ஓட்டினால் சுருக்கு சமமாக நிற்காது, பாதியில் நூலும் அறும். பாவாடையையும் பாடியின் கீழ் ஓரத்தையும் நாலு சம பாகமாகக் குறித்து, குறியோடு குறி குண்டூசி குத்துங்கள். அடிநூலை இழுத்துக் கால் பாகம் கால் பாகமாகச் சுருக்கைப் பரப்புங்கள்.

பாடியின் வெளி மல்லோடு மட்டும் பாவாடையை நல்ல பக்கம் சேர்த்து ½ அங்குலத்தில் தையுங்கள். சுருக்கு மேலே தெரியும்படி வைத்துத் தைத்தால் எங்கே மடிகிறது என்று பார்க்கலாம். ¾ அங்குலத்தில் இருக்கும் சுருக்கு நூலை உருவிவிட்டு, தையலை மேல்நோக்கிப் படிய வையுங்கள். உள்ளே இருக்கும் வேட்டித் துணியின் ஓரத்தை ½ அங்குலம் உள்ளே மடித்து, அந்தத் தையலை மூடும்படி கையால் ஹெம்மிங் செய்யுங்கள். தேரோட்டத்து அன்று என் மகளின் இடுப்பைக் குத்தியது இந்த இடம்தான். இப்போது அங்கே தாத்தாவின் வேட்டி மட்டும் படுகிறது.

தோள் பட்டன்

பின்பட்டியின் நுனியிலிருந்து ½ அங்குலம் தள்ளிக் காஜா, அதாவது பட்டன் நுழையும் துளை. பட்டி தோளைத் தாண்டி முன்னே வந்து விழும். முன்பட்டியில் தோள் கோட்டிலிருந்து 2 அங்குலம் கீழே பட்டன். தோள் எலும்பில் பட்டன் அழுத்தாது, தூளியில் படுத்தாலும் முதுகில் குத்தாது. பிள்ளை வளர வளரப் பட்டனை அரை அரை அங்குலமாக மேலே நகர்த்தித் தைத்தால் தோள் நீளும்.

காஜாவின் நீளம் பட்டனின் குறுக்களவும் அதன் தடிமனும் சேர்ந்தது. கையால் எடுக்கப் பொறுமை இல்லையென்றால் காஜா அடித்துத் தரும் கடையில் கொடுங்கள், வெட்கமே இல்லை. பட்டனை மட்டும் நீங்களே தையுங்கள். இரட்டை நூல், ஆறு ஏழு ஓட்டம், அடியில் நூலைச் சுற்றி முடிச்சு. பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள். இந்த வயதில் கழன்ற பட்டன் நேராக வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைக்கும். மணி, சம்கி எதுவும் வேண்டாம். கழுத்தில் நாடா வைக்கவே வைக்காதீர்கள். எங்காவது மாட்டி இறுக்கிவிடும். ஊக்குப் பின்னும் கூடாது.

சட்டை

பாடி வரை வந்தவர்களுக்குச் சட்டை சுலபம். சட்டைக்கு முன்பக்கம் பட்டன் வையுங்கள் என்பேன். முதுகுக் கொக்கி பார்க்க அழகுதான், ஆனால் மல்லாந்து தூங்கும் பிள்ளைக்கு அது உறுத்தல்.

முன்பட்டியின் ஓரத்தை ¼, பிறகு 1 அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். நடுக்கோட்டுக்கு அப்பால் ½ அங்குலம் நிற்கும். தோளைப் பாவாடையில் செய்தது போலப் பிசிறு மறையச் சேருங்கள். கழுத்து ஓரத்தில் கிராஸ் பீஸை ¼ அங்குலத்தில் தைத்து, வளைவில் வெட்டுக் கொடுத்து, உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங்.

கையை மாட்டும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பக்கத் தையலைப் போட்டு வளையமாக்கிவிட்டு, அந்தச் சின்னக் குழிக்குள் கையை மாட்டப் பாடுபடுவார்கள். பக்கம் திறந்திருக்கும்போதே, சட்டையைத் தட்டையாக விரித்து, கையின் நடுவைத் தோள் தையலோடு பொருத்தித் தைத்துவிடுங்கள். அந்த ஓரத்தைக் கிராஸ் பீஸால் மூடுங்கள். பிறகு கைநுனியிலிருந்து அக்குள் வழியாகச் சட்டையின் அடி வரை ஒரே தையல், 1 அங்குலத்தில். இங்கேயும் ஓரத்தை வெட்டாமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியே மடித்து ஓரம் அடியுங்கள். அக்குளில் மட்டும் ஒரு வெட்டுக் கொடுத்து, அதைக் கையால் சுற்றித் தைத்துவிடுங்கள். கீழ்மடிப்பு, நாலு பட்டன், முடிந்தது. பஃப் கை வைத்தால் கைநுனியில் எலாஸ்டிக் போடாதீர்கள், அரை அங்குலப் பட்டி போதும். எலாஸ்டிக் பதிந்த கை மாலைக்குள் சிவந்துவிடும்.

லேஸ் வைக்க ஆசை வரும். கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த இடையன்குடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, நமக்கு அந்த ஆசை இல்லாமல் போகுமா? வையுங்கள். ஆனால் பருத்தி லேஸாக, பாவாடையின் அடியில் மட்டும். கழுத்துக்கும் கைக்கும் வேண்டாம்.

போட்டுவிடுவதற்கு முன்

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, கண்ணை மூடி, உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத முடிச்சு கன்னத்துக்குத் தெரியும். குத்துகிற நூல் நுனியைத் தையலோடு ஒட்ட நறுக்குங்கள். குண்டூசியை எண்ணுங்கள். ஒருமுறை துவைத்து, சாக்பீஸும் மிஷின் அழுக்கும் போனபின் காயப் போடுங்கள். புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பதாக இருந்தால் கீழ்மடிப்பின் உட்பக்கம் வையுங்கள், ஆச்சி அங்கேதான் வைப்பாள்.

பையனுக்கு என்றால் இதே சட்டையை இரண்டு அங்குலம் நீட்டி, கழுத்தில் பட்டி வைத்துத் தையுங்கள். டவுசருக்கு இடுப்பு அளவில் ஒரு அங்குலம் குறைத்து எலாஸ்டிக் வெட்டுங்கள். அதற்கு மேல் குறைத்தால் வயிற்றில் பதியும்.

ஒரு வருடம் கழித்து

பாவாடை கணுக்காலை விட்டு மேலே ஏறியதும் கீழ் டக்கை முதலில் பிரியுங்கள். சின்னக் கத்தரியால் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்தால் நூல் தானாக உருவி வரும். பிரித்த இடத்தில் மடிப்பின் தடம் வெளுத்துத் தெரியும், ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டாலும் முழுக்கப் போகாது. அந்தத் தடத்தின் மேல் அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்றைச் சுற்றிலும் வைத்துத் தைத்துவிடலாம். என் மகளின் நீலக் கட்டப் பாவாடையில் இப்போது அப்படி ஒரு வெள்ளை நாடா ஓடுகிறது. மேல் டக் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.